கடைசிக் குடம் இல்லாத வரிசை

இன்று காலை தண்ணி லாரியின் ஹாரன் கேட்டதும் தெருவே குடங்களோடு ஓடியது. பிளாஸ்டிக் குடங்கள் மோதும் அந்தக் கடகட சத்தத்தில் எனக்குச் செல்வி நினைவுக்கு வந்தாள்.

ஏழாவதில் என்னோடு படித்தவள். இதே தண்டையார்பேட்டைத் தெருவில் ஒருநாள் லாரிக்காகக் குடம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் அறிவியல் பரீட்சை. எனக்குச் சூரியக் குடும்பம், விண்மீன் மண்டலம், பிரபஞ்சம் மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. செல்வி வரிசையைக் காட்டினாள்.

"உங்க வூட்டு டிரம்முதான் சூரியன். அத சுத்திக் கீற குடமெல்லாம் கோளு. இது சூரியக் குடும்பம். இதே மாரி வூட்டுக்கு வூடு ஒரு டிரம்மு கீதுல்ல? தெரு முச்சூடும் சேத்தா விண்மீன் மண்டலம். இந்த மாரி எல்லாத் தெருவும் சேந்தா பிரபஞ்சம்."

இன்றுவரை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அதுல கடைசிக் குடம் எங்க கீது?" என்றேன்.

"கடைசின்னே ஒண்ணு இல்ல. போய்க்கினே இருக்கும்."

வரிசையின் கடைசியில் நின்ற கன்னியம்மா அக்கா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அத்தினி பேருக்கும் ஒரே லாரியாடி?" என்றார்.

செல்வி திரும்பி, அக்கா நின்ற கடைசிவரை வரிசையைப் பார்த்தாள்.

இன்று என் குடம் நிரம்பியதும் இரண்டாவதை நீட்டப் போனேன். திரும்பி வரிசையைப் பார்த்துவிட்டு, அதை நிரப்பாமலே நகர்ந்துகொண்டேன்.