பாடாலூர்ப் பருத்தியில் பெயர் தெரியாத ஒரு ஈ

கடுகைவிடச் சின்ன ஈ ஒன்றுக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பூச்சிகளைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. போன மாதம் பாடாலூரில் நண்பனின் தங்கை இளவரசியின் பருத்திக் காட்டில், மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கிடந்த செடியில் இந்தச் சாம்பல் ஈயைப் பிடித்தேன். அட்டையில் ஒட்டி, அரியலூரில் எனக்குத் தெரிந்த விலங்கியல் பேராசிரியைக்கு அனுப்பினேன்.

"சார், இறக்கை மொத்தமும் பசைக்குள்ள போயிடுச்சு. இது இலையைத் துளைக்கிற ஈயா, மாவுப்பூச்சியத் திங்கிற ஈயான்னு எப்படிங்க சொல்றது?" என்றார். மானம் போயிற்று.

அதற்குள் இளவரசியின் போன். "அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் மருந்தடிக்க ஆள் வராங்க."

தின்கிற ஈ என்றால், உதவிக்கு வந்ததையே கொல்லப்போகிறோம். துளைக்கிற ஈ என்றால், மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னால் அந்தப் பாவம் எனக்கு. சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். எல்லா பஸ்ஸும் பாடாலூரில் நிற்காது, கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். ஏழே முக்காலுக்குக் காட்டில் இருந்தேன். சின்ன ஈயைக் கையால் பிடித்தால் நசுங்கிவிடும். மூடியில் இரண்டு குழாய் செருகிய புட்டிதான் வழி: ஒரு குழாயை ஈயிடம் நீட்டி, வலை கட்டிய மற்றதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும்.

"என்னண்ணே, செடிகிட்ட எளநி குடிக்கிறீங்க?" என்று கேட்டு இளவரசி விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து ஈ கிடைத்தது. இந்தத் தடவை பசை இல்லை, பூச்சி கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய சின்னக் குப்பிதான்.

பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஜன்னலோரம் உட்காராதீர்கள், சிமெண்ட் தூளில் தலை நரைத்துவிடும்.

பேராசிரியை நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஈக்களையே ஆராயும் தன் தோழிக்கு இறக்கையின் படத்தை அனுப்பி, போனிலும் பேசினார்.

"திங்கிற கூட்டம்தான் சார், ரெண்டு பேருக்கும் சந்தேகமில்ல. ஆனா எந்த இனம்னு சொல்ல ஆண் ஈ வேணும். நீங்க கொண்டாந்தது அஞ்சும் பொண்ணு. காட்டுக்காரங்கள அந்த வெள்ளையக் கிளறிப் பாக்கச் சொல்லுங்க, உள்ள இந்த ஈயோட புழு இருக்கணும்."

இளவரசியை அழைத்தேன். மருந்துக்காரர் வந்துவிட்டாராம். போனைப் பிடித்துக்கொண்டே செடிகளுக்குள் போனாள்.

"அய்யோ அண்ணே, மாவுக்குள்ள புழு மேயுது! இந்தச் செடியிலயும் இருக்கு!" பிறகு மருந்துக்காரரிடம், "மாமா, இன்னிக்கு வேணாம், போயிட்டு வாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஈக்காக!

நீங்களும் இப்படிக் கிளம்பினால் பசையை வீட்டில் வைத்துவிடுங்கள், ஆணும் பெண்ணுமாகப் பிடியுங்கள். காட்டுக்காரரிடம் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸிலிருந்து இளவரசியிடம் போனில், ஈயின் பெயர் தெரிய இன்னும் மாதக்கணக்கில் ஆகலாம் என்றேன்.

"பேரு மெதுவா வரட்டும்ணே. ஈ வேலைக்கு வந்துடுச்சுல்ல."