ஹீட்டரும் விசிறியும் ஊரார் முட்டையும்

ஹீட்டரையும் விசிறியையும் ஒரே கருவியில் பூட்டுவது, முகம் கொடுத்துப் பேசாத இருவரை ஒரே அறையில் குடிவைக்கிற தொழில். என்னைப் போல மின்கம்பி பிடித்துக் கை சுட்ட தொழில்காரர்களான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நடுவில் ஓர் இடைவெளி

அக்குறணை றமீஸா ராத்தா, முட்டையை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பூட்ட என்னை மஹய்யாவயிலிருந்து கூப்பிட்டிருந்தார். மலிவான கருவியில் ஒரே சுவிட்ச்தான். ஹீட்டர் ஓய்ந்த கையோடு விசிறி கிளம்பும். அது ஆற்றியதும் ஹீட்டர் மூளும். நாள் முழுக்க மல்லுக்கட்டு. இரண்டு சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள், முப்பத்தேழரை டிகிரியில் ஹீட்டர் நிற்கட்டும், முப்பத்தெட்டைத் தாண்டினால் மட்டும் விசிறி ஓடட்டும் என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். ராத்தா அடுப்படியில் நின்ற மாமியாரை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வெளங்குது தம்பி. ரெண்டும் சும்மா இரிக்கிற நேரமும் கொஞ்சம் வேணும். எங்கட ஊட்டுலயும் அப்பிடித்தான் காலம் போகுது.”

பின்பக்கத்து ஓட்டை

பெட்டிக்குள் போனவை அந்தத் தெருப் பெண்களின் முட்டைகள். பொரிக்கும் குஞ்சில் பாதி முட்டைக்காரருக்கு, பாதி ராத்தாவுக்கு என்பது பேச்சு. முதல் தடவையே கெட்டுப்போனால் யாரும் இனி ஒரு முட்டைகூடத் தரமாட்டார்கள். ராத்தாவின் கவலையெல்லாம் அதுதான்.

ஒரு நாள் நான் கெலிஓயாவில் ஒரு பேக்கரி வேலையில் இருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. உச்சி வெயில், தகரக் கூரை, பெட்டி முப்பத்தொன்பதைத் தாண்டி ஏறுகிறது. நான் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். அவரோ பதறாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஹீட்டர் நின்றிருக்கிறது, விசிறி ஓடுகிறது. அப்படியானால் கம்பியில் பிழையில்லை. சூடு வெளியே போகும் ஓட்டையைப் பாருங்கள் என்றேன். பின்பக்கம் முழுக்கக் கம்பளிப் போர்வை. விடியற்காலை மழைக் குளிருக்கு முட்டை விறைத்துவிடும் என்று மாமி போர்த்தியிருந்தாராம்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது சூடு இறங்கியிருந்தது. ஆனால் செய்தி பரவி, வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். மாமி மடியில் போர்வையை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு ராத்தா சொன்னது இவ்வளவுதான்: “நான்தான் பின்பக்கம் பாக்காம விட்டுட்டேன். விருப்பமில்லாதவங்க முட்டைய எடுத்துட்டுப் போங்க, நான் கோவிக்க மாட்டேன்.”

யாரும் எடுக்கவில்லை. எனக்கென்றால் உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

பங்கு பிரித்த நாள்

குஞ்சுகள் வெளியே வந்த அன்று போயிருந்தேன். பெட்டிக்குள் ஒரே கீச்சு மூச்சு. பெரும்பாலானவை பொரித்திருந்தன, சில முட்டைகள் அசையவே இல்லை. அந்த நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொரிக்காததெல்லாம் தன் பங்கு என்று சொல்லிவிட்டு, ராத்தா குஞ்சுகளை அவரவர் கூடையில் பிரித்துப் போடத் தொடங்கினார். அவருக்கென்று மிஞ்சப்போவது சொற்பம்.

அப்போதுதான் மாமி கதிரையை விட்டு எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “போர்வய போட்டது நான். இவ்வளவு நாளும் எண்ட மருமகள் அத ஒருத்தருக்கும் செல்லல்ல.”

அடுத்த முறைக்கான முட்டைகள் அன்றைக்கே வந்து சேர்ந்தன. பெட்டி நன்றாக ஓடுவதற்கு என் கைராசிதான் காரணம் என்று அக்குறணையில் பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுக்காமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.