பலெர்மோ: ஒரு தாய் மகனைக் கேட்ட ஞாயிறு

வியாழன் காலை

நாப்போலியிலிருந்து முதல் நாள் மாலை புறப்பட்ட கப்பல் விடிந்து சற்று நேரத்தில் பலெர்மோவை அடைந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது போலவே இல்லை. நகரம்தான் கடலுக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து எங்களிடம் வந்தது. முதலில் ஒரு மொட்டை மலை, பிறகு மஞ்சள் சுவர்கள், பிறகு துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். 1997 ஜூன் மாதம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சிரொக்கோ என்ற அனல்காற்று எல்லாவற்றின் மேலும் மெல்லிய மணலைத் தூவியிருந்தது.

தங்கை பவானி கரையில் நின்றாள். ஆறு வருடங்களாக நான் பாரிசில், அவள் இங்கே. இடையில் தொலைபேசிக் குரல் மட்டும்தான்.

"மெலிஞ்சு போனியள் அக்கா."

"நீ மட்டும் என்னவாம்?"

துறைமுகத்திலிருந்து பழைய நகரத்துக் கால்சாப் பகுதிக்கு நடந்தே போனோம். போன உலகப்போரில் குண்டு விழுந்த மாளிகை ஒன்று இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. அதன் வரவேற்பறையில் அத்திமரம் வளர்ந்திருக்கிறது. அந்தச் சுவரோடு ஒட்டியவைதான் பவானியின் இரண்டு அறைகள். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு விதவை அம்மாவின் வீட்டில் அவள் சமையலும் துப்புரவும் செய்கிறாள். கணவர் சிவநேசன் அதே கடற்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்.

தெருமுனைப் பத்திரிகைக் கடையில் கூட்டம் நின்றது. ஒரு வாரப் பத்திரிகை, படங்கள் போட்ட பக்கம் வெளியே தெரிய, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியது. நாலு வருடத்துக்கு முன் சோமாலியாவுக்குப் போயிருந்த இத்தாலியச் சிப்பாய்கள். நிலத்தில் கட்டிக் கிடத்தப்பட்ட ஒரு மனிதன். அவனுடைய உடம்பிலிருந்து மின்சார வயர்கள் போயின. படத்தை எடுத்தவனும் அவர்களில் ஒருவன்தான்.

மீன் பையோடு நின்றவர் பக்கத்தைக் கையால் அடித்தார். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தாலியமும் பிரெஞ்சும் உறவுக்கார மொழிகள் ஆதலால் பாதி எனக்குப் புரிந்தது. பொய், ஒட்டு வேலை, எங்கள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

பவானி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ அக்கா. அவருக்கு முன்னாலை இதைக் கதைக்காதேங்கோ."

ஏனென்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சிவநேசன் ஏறக்குறைய ஒரு வருடம் இராணுவ முகாமில் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே என்ன நடந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளி

பவானி வேலைக்குப் போனபின் தனியே நகரம் பார்த்தேன். வெயிலில் தெருக்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல நெளிந்தன. ஒரு சதுக்கத்தில் மாணவர்கள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டு, கோஷம் எதுவுமில்லாமல் நின்றார்கள். ஒரு பெண் காரை நிறுத்தி அவர்களைத் திட்டினாள். இன்னொருத்தி தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாள். ஆயிரத்து இருநூறு லீராவுக்குக் கோப்பி குடித்த கடையில் தொலைக்காட்சி இதைப் பற்றியே விவாதித்தது. கடைக்காரர் உதைபந்தாட்டத்துக்கு மாற்றினார். ஒரு வாடிக்கையாளர் எழுந்து போய்த் திரும்ப விவாதத்தை வைத்தார். என் கோப்பி முடியும்வரை இரண்டுபேரும் மாறி மாறி இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை

பலெர்மோத் தமிழர்கள் ஞாயிறு விடிய மொன்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுகிறார்கள். உச்சியில் ஒரு குகை. உள்ளே சாந்தா ரொசாலியா என்ற புனிதை. நெற்றியில் திருநீற்றோடு போய் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கல்லிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் வாங்கி எங்கோ கொண்டுபோகின்றன. அந்தச் சொட்டுச் சத்தத்தில் நின்றபடி தூங்கிவிடலாம் போலிருந்தது.

ஏறும்போது ஆண்கள் அந்தப் படங்களைப் பற்றித்தான் கதைத்தார்கள். சிவநேசன் வெகுதூரம் முன்னால் தனியே போனார்.

"தங்கட ஆமியைத் தாங்களே பேப்பரிலை போடுறாங்கள், பாருங்கோவன்."

"போட்டு என்ன? நாளைக்கு மறந்திடுவாங்கள்."

"மறக்கிறதுக்கும் முதல்லை ஒருக்காத் தெரியோணுமே. எங்களை ஆர் படம் எடுத்தது?"



மலையின் மறுபக்கத்தால் மொண்டெல்லோவுக்கு இறங்கினோம். சிவநேசன் உணவகத்துக்குப் போனார். ஞாயிறு மதியம் சமைத்துக் கொடுப்பதும் பவானியின் வேலை. நானும் உதவிக்குப் போனேன். வழியில்தான் சொன்னாள். சினியோரா என்று அவள் அழைக்கும் அந்த விதவை அம்மாவின் ஒரே மகன் சால்வோ, கட்டாய இராணுவ சேவைக் காலத்தில் சோமாலியாவுக்குப் போய் வந்தவன்.

"வெள்ளிக்கிழமை அந்தப் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினவ. ஒருத்தன் முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறான். 'நீ என்ர மகன்ர சேட்டெல்லாம் அயன் பண்ணுறனி, சொல்லு, இது சால்வோவோ?' எண்டு கேட்டவ. இல்லை எண்டனான். உண்மையா இல்லைத்தான் அக்கா. எண்டாலும் மனிசிக்கு நிம்மதி இல்லை."

ஞாயிறு மதியம்

சால்வோ இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பையன். மோட்டார் சைக்கிள் விற்கிறான். கேக் பெட்டியோடு வந்து, பவானியின் கன்னங்களில் முத்தமிட்டு, நான் அக்கா என்று தெரிந்ததும் என் கைகளையும் பிடித்துக் குலுக்கினான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. இதை எழுதாமல் விடக்கூடாது.

நான் சமையலறையில் நின்றேன். கதவு வழியே மேசை தெரிந்தது. தாயும் மகனும், பின்னால் சன்னல், அதற்குள் பச்சைக் கடல். சினியோரா மெலிந்த, நேராக உட்காரும் பெண். அவர் பத்திரிகையை எடுத்து மகனின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவன் சிரித்தான். பவானி கத்தரிக்காய் வெட்டியபடி என் காதுக்குள் தமிழில் சொன்னாள். "'அம்மா, இது நான் இல்லை' எண்டுறான்."

சினியோராவின் குரல் உயரவில்லை.

"'நீ இல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ எங்கை நிண்டனி?' எண்டு கேக்கிறா."

அவன் முட்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு அவன் தலை குனிந்தபடி பேசினான்.

"இந்த ஆளை அவன் காணேல்லையாம். இது வேற இடமாம். ஆனா தங்கட முகாமிலையும் ஆக்களைக் கொண்டு வந்து ஒரு கூடாரத்திலை வைச்சவையாம். பக்கத்துக் கூடாரத்திலை இவங்கள் சீட்டாடினவங்களாம். சத்தம் கேட்டதாம். ரேடியோச் சத்தத்தைக் கூட்டி விட்டவங்களாம்..."

பவானியின் கத்தி நின்றது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். சால்வோ அவளைப் பார்த்து உதவி கேட்பவன் போல ஏதோ சொன்னான். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவள் நீ, போரென்றால் இப்படித்தானே, அம்மாவுக்குச் சொல்லு என்று கேட்டானாம். பிறகுதான் எனக்குத் தெரியும்.

பவானி நின்றபடியே ஒரு வசனம் சொன்னாள். நாலு வருடம் அந்த வீட்டில் வேலை செய்து அவள் ஒருநாளும் சொல்லாத வசனம்.

"என்ர மனிசன் கூடாரத்துக்கு உள்ளை இருந்தவர்."

சால்வோ எழுந்தான், கதிரை விழுந்தது, வெளியே மோட்டார் சைக்கிள் உறுமிப் போனது.

பவானி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "வேலை போச்சு அக்கா. செப்டம்பரிலை பெர்மெஸ்ஸோ, இந்த வதிவிடப் பத்திரம், புதுப்பிக்கோணும். இவ கையெழுத்து வைக்காட்டி நாங்கள் இஞ்சை இருக்கேலாது."

ஞாயிறு பின்னேரம்

மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் சிவநேசனுக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. கடற்கரை முழுக்கக் குடும்பங்கள், நிறநிறமான குடைகள், குழந்தைகளின் கூச்சல். எனக்கோ எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருந்தது. அவர் காற்சட்டையை மடித்துவிட்டு அலையில் நின்றார். பவானி நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "ரேடியோவைக் கூட்டினது எண்டு அவன் தன்ர வாயாலை சொன்னவனோ? தாய்க்கு முன்னாலை?"

"ஓம்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்களை வைச்சிருந்த இடத்திலையும் பாட்டுப் போடுவாங்கள். நல்ல பாட்டுகள். எங்கட சத்தம் றோட்டுக்குக் கேக்கக்கூடாது எண்டோ, தனக்கே கேக்கக்கூடாது எண்டோ, போட்டவன் ஏன் போட்டவன் எண்டு தெரியேல்லை. அவனும் லீவிலை வீட்டை போயிருப்பான். தாய் சோறு போட்டிருப்பா. ஒண்டும் கேட்டிருக்க மாட்டா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "இந்த மனிசி கேட்டிட்டா."

பாட்டைப் பற்றி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பவானி தண்ணீருக்குள் இறங்கி, சேலைக் கரை நனைய, அவரருகில் போய் நின்றாள். நான் மணலில் இருந்துவிட்டேன்.

திங்கள்

பவானி வேலைக்குப் போனாள். நான் சன்னலருகே இருந்து அத்திமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தாள்.

"சினியோரா தானே கோப்பி போட்டுத் தந்தவ அக்கா. என்னையும் மேசையிலை இருத்தினவ. செப்டம்பரிலை குவெஸ்தூராவுக்குத் தானும் வாறன் எண்டவ." வதிவிடப் பத்திரம் கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தின் பெயர் அது.

"மகன்?"

"போன் எடுக்கேல்லையாம். 'நான் கேட்டது பிழையோ?' எண்டு என்னைக் கேக்கிறா."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டனான். பிறகு ரெண்டுபேரும் இருந்து அழுதனாங்கள்."

செவ்வாய்

நாப்போலிக் கப்பல் ஊழியர்களின் வேலைநிறுத்தம் என்பதால் ரயிலில் திரும்பினேன். மெசீனாவில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நீரிணையைக் கடக்க ரயில்வேயின் சொந்தக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். பெட்டிக்குள் இருட்டிவிடுகிறது. பயணிகள் இரும்புப் படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போய்ப் பொரித்த சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தீவு மெல்ல விலகுகிறது.

நான் வாழும் பிரான்சுக்கும் இப்படிப்பட்ட போர்கள் இருந்தன. அங்கே நான் துப்புரவு செய்யும் மருத்துவமனையில், அல்ஜீரியப் போருக்குப் போய் வந்த கிழவர்கள் படுத்திருக்கிறார்கள். நல்லவர்கள். பிள்ளைகள் பூவோடு வந்து போகிறார்கள். எங்கே நின்றீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டதை நான் கண்டதில்லை. எங்கள் ஊருக்கு வந்த சிப்பாய்களின் வீடுகளையும் நினைத்துப் பார்த்தேன். அந்தத் தாய்மாரில் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது.

மேல்தளத்து வாங்கில் சீருடையில் நாலைந்து பையன்கள், விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்புகிறவர்கள். ஒருவன் எழுந்து எனக்கு இடம் விட்டான். உட்காரத் தயங்கினேன். பிறகு உட்கார்ந்தேன். இருபது வயதுகூட இருக்காது. பிரெஞ்சையும் இத்தாலியத்தையும் கலந்து கேட்டேன். வீடு எங்கே? கால்தனிசெத்தா. அம்மா இருக்கிறாரா? இருக்கிறார்.

"லீவில் போனால் அம்மாவோடு இருந்து சாப்பிடுவாயா?"

"வேறு யாரோடு?" என்று சிரித்தான்.

"சாப்பிடும்போது அம்மா உன்னிடம் என்ன கேட்பார்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். காற்றில் அவன் தொப்பி பறக்கப் பார்த்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா என்று கேட்பா."