கத்திரிப்பூ நிறப் புள்ளி

என் அம்மா முத்தம் கொடுத்தால் எண்ணெய் நெடி அடிக்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள், மெஷின் எண்ணெய். பென்னலூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் அம்மா "செக் வால்வு" சோதிக்கும் வேலையில் இருந்தாள். எண்ணெயை ஒரு பக்கமாக மட்டும் போகவிட்டு, திரும்பி வராமல் அடைத்துக்கொள்ளும், உள்ளங்கையில் அடங்குகிற இரும்புச் சாமான் அது. முதலில் வாயால் ஊதிப் பார்த்து, பிறகு பம்பில் மாட்டி எண்ணெயைத் திருப்பி அழுத்தி, ஒரு சொட்டும் கசியவில்லை என்றால் நெயில்பாலிஷில் ஒரு புள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிறம். அம்மாவுடையது கத்திரிப்பூ நிறம். அதையே என் நகத்திலும் வைத்து, "நீயும் பாஸு, போ" என்று கன்னத்தைக் கிள்ளுவாள்.

அப்பா இருங்காட்டுக்கோட்டையில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஓட்டினார். மேலே தூக்கிய இரும்புத் தலை தானாக இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்த வால்வுதான். அம்மாவின் பட்டறையிலிருந்துதான் அங்கே வாங்குவார்கள். அடியில் கையை விடுமுன் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்பாவோ, "எங்க வூட்டுக்காரி பாத்த வால்வு கீது, கட்டை இன்னாத்துக்கு?" என்று பெருமையடித்துக்கொண்டு, அந்தக் கட்டையைக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்பார். ஒருநாள் மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு அச்சு மாற்றிக்கொண்டிருந்தபோது, தலை சத்தமே இல்லாமல் இறங்கியது. இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா அழவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அந்த வால்வுல புள்ளி இன்னா கலரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா வீடு திரும்பிய பிறகு, அவரோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருவர் அந்த வால்வைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "எண்ணெயில தூசி கெடந்தாலும் கசியும்லா அண்ணே. வால்வு மேலதான் தப்புன்னு யாரால சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்பா துணியை விலக்கினார். கத்திரிப்பூ நிறம். "கெட்டியா புடிச்சிக்கோ" என்று வால்வை என் கையில் கொடுத்துவிட்டு, உப்புத்தாளால் புள்ளியைத் தேய்த்தெடுத்தார்.

அம்மா வந்து, வாசல் வெளிச்சத்தில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"புள்ளியே இல்ல பாரு. யாரோ சோதிக்காம அனுப்பிட்டாங்க. உன்னுது இல்ல" என்றார் அப்பா.

"ம்" என்றாள் அம்மா.

மறுநாள் வேலைக்கும் போனாள். ஆனால் அதற்குப் பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் உதடு குவிந்து ஊதிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் தூக்கிவாரிப்போடும். ஆளில்லாத அறையில் அந்த ஊதல் இன்றும் சில சமயம் எனக்குக் கேட்கிறது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது பெரிய கிடங்கு. அம்மாவோடு வேலை பார்த்த பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். போன மாதம் அப்பாவும் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று, நான் கேட்காமலே அம்மா சொன்னாள்: "புள்ளி இல்லாத வால்வ மொதலாளி பெட்டியிலயே வெக்க மாட்டாரு. பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி, அது என்னுதுன்னு."

"இத்தினி வருசம் அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒத்தக் கையால தேச்சிருக்காரு. அத வீணாக்கச் சொல்றியா?"