இரட்டைப் பஞ்சு

மகளுடைய மெத்தையின் ஓரத் தையலைக் கத்தரிமுனையால் நெம்பி அறுத்தார் மெத்தைக்காரர். நூல் சரசரவென்று விட்டது. அவரே போட்ட தையல்.

"இப்பத்தான தச்சீங்க? அதைப் போயா பிரிக்கறீங்க?" ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"பிள்ளை எதுல படுக்குதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மெத்தையிலன்னேன். பிரிச்சுப் பாருங்கன்னாங்க."

"மெத்தைக்காரர்கிட்டயே மெத்தையைப் பிரிக்கச் சொன்னாங்களா? நல்ல டாக்டர்."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குள் வெள்ளம் வந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் மெத்தை தைப்பார், பின்னறையில் மூன்று பேரும் படுப்பார்கள். அன்று அவள் பரணில் உட்கார்ந்து, கீழே பஞ்சு மூட்டைகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகும் அவள் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்வாள். படுத்தால் முதுகுக்கடியில் தரை நனைகிறது என்பாள். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும்.

"ஊரையே தூங்க வைக்கிற மனுஷனுக்குப் பெத்த பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியல," என்று மனைவி குத்திக்காட்டினாள்.

நனைந்த பஞ்சைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. மாடியில் உலர்த்தினார், அடித்தார், உதறினார். பழம்பஞ்சை நடுவில் வைத்துப் புதுப்பஞ்சால் சுற்றுவது அவர் வழக்கம். அப்போதுதான் மெத்தை குழி விழாது. வாடிக்கைக்காரர்களுக்கு அப்படித்தான் தைத்துக் கொடுத்தார். மகளுக்கு மட்டும் நடுப்பஞ்சை இரண்டு மடங்காக வைத்தார். முதுகு தரையை மறக்கட்டும் என்று.

ஏறிப் படுத்தவள், "தரையே தெரியலப்பா," என்றாள். விடிந்தும் எழவில்லை. மனைவி அன்று பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் கழுவினாள்.

பிறகுதான் இருமல் வந்தது. மூச்சு விசிலடித்தது. வெள்ளத்துப் பயம் இன்னும் விடவில்லை என்று இருவரும் நினைத்தார்கள். பயந்த பிள்ளைக்குத் தூக்கம்தானே மருந்து? இழுப்பு வரும்போதெல்லாம் அதே மெத்தையில் படுக்க வைத்தார்கள். அவள் எழுந்து உட்காரப் பார்ப்பாள். "படுடா கண்ணு, சரியாயிடும்," என்று தோளைப் பிடித்துச் சாய்ப்பார். நேற்று அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வெளிப்பஞ்சு வெள்ளையாக வந்தது. கையை நடுவே விட்டார். சில்லென்றிருந்தது. பற்றி இழுத்தார். சாம்பலும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக வந்தது. பூஞ்சை. விரல்களில் தூள் ஒட்டியது. தண்ணீர் வடிந்த அன்று வீட்டுக்குள் அடித்த அதே வாடை.

மனைவியின் கை நின்றது. "இதுலயா பிள்ளை மூஞ்சியை வச்சுப் படுத்திருந்தா?"

"நான்தான பிடிச்சுப் படுக்க வச்சேன்," என்றார்.

"இந்தப் பஞ்சுல வேற யார் யாருக்குத் தச்சுக் குடுத்தீங்க?"

அவர் கடையின் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. தள்ளுவண்டியோடு, வெள்ளத்துக்குப் பிறகு மெத்தை வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில், நல்லாத்தானே இருக்கு என்று தர மறுத்தார்கள். உள்ளே ஒரு குழந்தை இருமியது. வாசலிலேயே பிரித்துக் காட்டினார். கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் குப்பைமேட்டில் போட்டார். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊதிக்கொள்ள ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். "என் மெத்தை எங்கப்பா?" என்று கேட்டாள். போர்வையை நான்காக மடித்து விரித்தார். அவள் அதன்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.