பாட்டு நின்றால் இறங்கு

கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போனபோதுதான் அந்த யோசனை வந்தது. கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். தண்டவாளத்தில் யாராவது கிடக்கிறார்களா என்று பார்க்கவே பயம். அப்போதும் மண்டைக்குள் ஒரு கேள்வி: விசில் லைனில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, பாட்டு நின்றது மட்டும் எனக்கு இங்கே வரை எப்படிக் கேட்டது?

எழுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு விருத்தாசலத்தில் ரயில்வே கேங்மேனாகச் சேர்ந்திருந்தேன். மரப்பிடி போட்ட பீட்டர் என்கிற இரும்பை ஓங்கி, சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் வேலை. மூன்றே நாளில் என் உள்ளங்கை கொப்பளித்தது. "படிச்ச கை, கொடி புடிக்கட்டும்" என்று மேஸ்திரி என்னை ஆறு தந்திக்கம்பம் தள்ளி, வளைவில் நிறுத்திவிட்டார். வண்டி தெரிந்ததும் விசில் ஊதிக் கொடி காட்டணும். அவரோடு சேர்த்து எட்டுப் பேரும் தண்டவாளத்தைவிட்டு இறங்கணும். எட்டு உயிருக்கும் நான்தான் பொறுப்பு.

அன்றைக்குக் காலைப் பாசஞ்சர் லேட். பீங்கான் சூளைப் புகை பனியோடு சேர்ந்து லைன் மேல் படுத்திருந்தது. ஆட்கள் தெரியவில்லை, பாட்டு மட்டும் காற்றில் என் பக்கம் வந்தது. பீட்டர் அடி ஒன்றாக விழுவதற்காகப் பாடும் பாட்டு அது; எட்டுப் பேரில் பாட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்து நின்று ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அடிக்கு அடி பதில் சொல்வார்கள். அன்றைய பாட்டு, மேஸ்திரி திட்டக்குடிக்குப் பெண் பார்க்கப் போய் பஸ்ஸைக் கோட்டைவிட்ட கதை.

இன்ஜின் வளைவில் வந்துவிட்டது. ஊதினேன். பாட்டு நிற்கவில்லை. கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினேன், ஊதினேன். பஸ் கிளம்பிவிட்டது என்று பாடிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று பாட்டு அறுந்தது. அதற்குள் இன்ஜின் என்னைக் கடந்து இரைச்சலில் எல்லாம் போயிற்று.

புகைக்குள் ஓடினேன். எட்டுப் பேரும் சரிவில். மேஸ்திரி தலைகளை ரெண்டு தரம் எண்ணினார். ஒரு பீட்டர் மட்டும் பிடி சிதறிக் கிடந்தது.

கொடியை நல்லவேளை பார்த்தீங்க என்றேன் பாட்டுக்காரரிடம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொடி எங்க தெரிஞ்சிது? பொகை தொண்டைய அடைச்சிடுச்சி, இருமுனேன். பாட்டு நின்னுதேன்னு இவனுங்க நிமிந்து பாத்தானுங்க, அப்பதான் வண்டிச் சத்தம் கேட்டுது."

சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்ப நடந்தோம்.

வழியெல்லாம் மேஸ்திரியை விடவில்லை நான். வண்டி இல்லாதவரை நான் பச்சைக் கொடியைப் பிடித்தபடியே நிற்கிறேன், அது தெரியும்வரை பாட்டுக்காரர் பாடட்டும்; புகை மறைத்தாலும் சரி, நானே மயங்கி விழுந்தாலும் சரி, தெரியாவிட்டால் பாட்டு நிற்கணும், நின்றால் எல்லாரும் இறங்கணும் என்றேன். விசில்தான் ரூல், இன்றைக்கு நடந்ததை வெளியே பேசினால் ரெண்டு பேருக்கும் வேலை போகும் என்றார் அவர்.

"அப்ப பொகை வந்தா வேலையே நடக்காதேடா?"

"நடக்கக் கூடாதுங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தன் கையிலிருந்த உடைந்த பிடியைப் பார்த்தார்.

"விசிலும் இருக்கணும். நாளைக்கு வண்டி இல்லாத நேரமா பாத்து செஞ்சி காட்டு."

ஏற்பாடு இதுதான்: நான் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தரம் கொடியை மறைப்பேன். பாட்டு நின்ற பிறகு எத்தனை பீட்டர் அடி விழுகிறது என்று மேஸ்திரி எண்ணுவார். ஒன்று விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து.