அத்தான் சொன்ன ஆமென்

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அத்தானைக் கிண்டல் செய்யாவிட்டால் கொழுந்தியாள் என்று நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்த கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. டிவியைத் துடைப்பார், ஃபிரிட்ஜைத் துடைப்பார். சோபாவுக்கு இன்னும் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த உறையையும் துடைப்பார். பொருள் வாங்குவதில் இருக்கும் ஆசை அதைப் பயன்படுத்துவதில் கிடையாது. வாங்கிய வாரம் முகமெல்லாம் பல்லாக இருக்கும். அடுத்த வாரமே மனுஷன் வாடிப்போய், வேறொன்றுக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்.

அப்படித்தான் கார் வந்தது. வெள்ளை நிறம் வேறு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஏற வேண்டும். எங்கள் சபையில் யார் புது வண்டி வாங்கினாலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வெளியே வந்து பானட்டில் கை வைத்து ஜெபிப்பார். அன்றும் ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த வண்டி உம்முடையது. உம்முடைய ஊழியத்துக்கு இதை எடுத்துப் பயன்படுத்தும்" என்றார். எல்லா வண்டிக்கும் சொல்கிற அதே ஜெபம்தான். பானட்டில் பதிந்த கைரேகையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த அத்தான், சபையே திரும்பிப் பார்க்கும்படி "ஆமென்" என்றார்.

மறுநாள் காலை வாசலில் தையல்காரம்மா வந்து நின்றார். சபையில் பாதிப் பேருக்குத் துணி தைப்பவர், தனிக்கட்டை. அவருடைய சிறுநீரகங்கள் எப்போதோ வேலை நிறுத்தம் செய்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வாய் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

"கர்த்தரோட வண்டி சும்மாதான நிக்குது தம்பி? என்னை ஆஸ்பத்திரியில விட்டுருங்க."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "அது... ஜெபத்துல அப்படிச் சொல்றதுதாம்மா."

"நீங்க ஆமென் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே."

அக்கா சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதுகூடச் செய்யவில்லை.

சீட்டில் பழைய போர்வை, கீழே செய்தித்தாள் என்று விரித்து, அத்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனார். அது அன்றோடு முடியவில்லை. கடை திறப்பதற்குள் கொண்டுபோய் விடுவதும் சாப்பாட்டு இடைவேளையில் கூட்டி வருவதுமாக மாதங்கள் ஓடின. "ஒரு வார்த்தை சொல்லி வசமா மாட்டிக்கிட்டேன்" என்று என்னிடம் புலம்புவார். புலம்பட்டும் என்று நானும் தூபம் போடுவேன்.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் தையல்காரம்மா வாந்தி எடுத்துவிட்டார். போர்வை, சீட், கதவு எதுவும் தப்பவில்லை. அத்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கோபத்தோடு திரும்பியிருக்கிறார். அந்த அம்மா தன் வாயைக்கூடத் துடைக்காமல், முந்தானையால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"மன்னிச்சிருங்க தம்பி. இனிமே உங்களுக்குத் தொந்தரவு வேணாம். பஸ் ஏறத் தெம்பிருந்தா போறேன், இல்லன்னா விட்டுர்றேன். முன்னாடியும் அப்படித்தான்."

முன்பு அப்படி டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டதில்தான் ஒருமுறை மூச்சுத் திணறி, செத்துப் பிழைத்தார். அது அத்தானுக்கும் தெரியும். அவர் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, முதலில் அந்த அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். சீட்டைப் பற்றி அப்போது நினைப்பே வரவில்லை என்று பிறகு என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார்.

அடுத்த முறை அந்த அம்மா சொன்னபடியே வரவில்லை. அத்தான் வாசலுக்கும் தெருவுக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்.

"கெளம்புங்கம்மா."

"சீட்டு பாழாயிடும் தம்பி."

"சீட்டு கெடக்குது. நீங்க வாங்க."

அன்றிலிருந்து போர்வையும் இல்லை, செய்தித்தாளும் இல்லை. அத்தானோடுதான் எங்களால் குப்பை கொட்ட முடியவில்லை. காலையிலேயே பாட்டு. புலம்பலும் நின்றுபோனதால் எனக்குப் பொழுதே போகவில்லை.

போன மாதம் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மதிய விருந்துக்கு அக்காவும் நானும் அலங்கரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம், காரைக் காணோம். அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அத்தான் கிசுகிசுத்தார்.

"அந்தம்மா வண்டியிலயே தூங்கிட்டாங்க. நேத்து பூரா தூக்கமில்லையாம். அவங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், எழுப்ப மனசு வரல. நீங்க டாக்சி புடிச்சுப் போங்க."

"எவ்வளவு நேரம் அப்படியே நிப்பீங்க?"

"தெரியல. கொறட்டை விடுறாங்க" என்று சொல்லி, சத்தம் வராமல் சிரித்தார்.

சொந்தக் கார் வைத்துக்கொண்டு டாக்சியில் போனோம். அக்கா பாதி வழிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அத்தான் மேல் பொறாமையாக இருந்தது.

"காரு வாங்கின அன்னைக்குக்கூட அந்த மனுஷன் இப்படிச் சிரிக்கலடி" என்றாள் அக்கா.